யார் மூட்டை இது? ஒரு மண்டி பில்லும் ப்ரோட்டோடைப் சங்கிலியும்

காலை ஐந்தே காலுக்குப் போன். மண்டி முதலாளி.

"இன்னா தம்பி, அணைக்கட்டுக் கடைக்காரர் பில்லுல குடியாத்தத்துக்காரர் மூட்டையெல்லாம் வந்துகினு கீது. இது யார் மூட்டைன்னு நான் இன்னான்னு சொல்றது?"

வேலூர் காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற கமிஷன் மண்டி அது. பில் போடும் மென்பொருள் நான் எழுதிக் கொடுத்தது. ஆகையால் குற்றவாளி யார் என்ற கேள்விக்கே இடமில்லை. குற்றம் எந்த வரியில் இருந்தது, ஏன் சில பில்களை மட்டும் தொடாமல் விட்டது, திருத்திய பிறகும் மறுநாள் எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது பெயரிட்ட தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பொட்டலம், தன்னிடம் இல்லாததை எங்கே போய்த் தேடும் என்பது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் செய்தது

அந்த மென்பொருள் க்ரோமில் ஓடும் ஒரே பக்கம். பழைய டெஸ்க்டாப், மூன்று இன்ச் பேப்பர் ரோல் போடும் தெர்மல் பிரிண்டர், அவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி இறங்கியதும் பில் ஆரம்பிக்கும். ஏழு மணிக்குள் கூட்டம் ஓய்ந்துவிடும். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு பில்லுக்கு ஐந்து விநாடி தாமதம் என்றாலே சத்தம் போடுவார்கள்.

தாமதத்துக்குக் காரணம் நான் வைத்திருந்த பழைய ஏற்பாடு. ஒவ்வொரு பில் முடிந்ததும் பக்கம் முழுக்க மறுபடி லோட் ஆகும். முந்தின நாள் அதை எடுத்துவிட்டேன். பக்கம் காலை முதல் திறந்தே இருக்கும், பில் மட்டும் புதிதாகப் பிறக்கும். கூடவே இன்னொன்றும் சேர்த்தேன்: அச்சான பில்களைக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பது, வேண்டியபோது மறுபடி அச்சிட ஒரு பட்டன். என் மேஜையில் ஒரு பில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. ஒன்று போட்டுப் பார்த்தேன் என்பதைக் கவனியுங்கள். இரண்டு போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நிரலின் உள்ளே பெயர்களை நான் தமிழில் வைப்பது வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு இடம் கொடுக்கிறது. மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் யூனிகோட் எழுத்தில் பெயர் வைக்கலாம். பில்லுக்குப் பெயர் சிட்டை. அதில் சரக்கு என்பது வாங்கிய பொருள்களின் பட்டியல், அதாவது ஒரு அரே. உருப்படி என்பது எத்தனை பொருள் என்ற எண். தொகை என்பது கூட்டுப் பணம். சேர், அச்சிடு என்று இரண்டு மெத்தட், அதாவது சிட்டை செய்யும் வேலைகள். கீழே வரும் வரிகளில் மொழியின் சொந்தச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும்போது அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

மேஜையில் கிடந்த பில்கள்

என் வீடு சத்துவாச்சாரியில். நான் வண்டியை எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. அதற்குள் மண்டியில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள்: ஒவ்வொரு பில்லுக்கும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது. க்யூ சந்து முனை வரைக்கும் நின்றது.

கணக்கு பார்க்கும் அக்கா கெட்டுப்போன பில்களைத் தனியே எடுத்து வைத்திருந்தார். முதல் பில் குடியாத்தத்துக்காரருடையது: கத்தரி, வெண்டை, தக்காளி. மூன்று வரி, சரியாக இருந்தது. இரண்டாவது அணைக்கட்டுக்காரருடையது. அவர் வாங்கியது முருங்கை 10 கிலோ 50 ரூபாய் விலையில், சின்ன வெங்காயம் 10 கிலோ 60 ரூபாய் விலையில். பில்லில் ஐந்து வரி இருந்தது; முதல் மூன்றும் குடியாத்தத்துக்காரர் சரக்கு. மூன்றாவது காட்பாடிக்காரர், வாங்கியது நாலு, அச்சானது ஒன்பது. அதற்கடுத்த பில் முழங்கை நீளம்.

முதலாளி பிரிண்டரைச் சந்தேகப்பட்டார். பழைய பில்லை வயிற்றில் வைத்துக்கொண்டு கக்குகிறது என்பது அவர் கட்சி. கெட்ட ஊகம் இல்லை, சில பிரிண்டர்கள் அப்படிச் செய்யும். ஆனால் திரையிலும் ஐந்து வரிதான் தெரிந்தது. பிரிண்டர் தப்பித்தது.

அக்காதான் மூன்று விஷயம் சொன்னார். இந்த வழக்கே அதில் தீர்ந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"கம்ப்யூட்டர் போட்டதும் வர்ற மொத பில்லு நல்லாதான் வருது தம்பி. அப்புறம் பாரு, கீழ உருப்படி ரெண்டுன்னு சரியா கீது, தொகை ஆயிரத்து நூறுன்னு சரியா கீது. மேலதான் அடுத்தவங்க சரக்கு. இன்னொன்னு, ஓட்டல்காரங்க பில்லு ஒண்ணுகூட கெடல."

எண் சரி, பணம் சரி, பட்டியல் மட்டும் தப்பு. பென்சிலால் பக்கத்தில் டிக் போட்டே காட்டினார். ஐந்து வரி அச்சிட்டுவிட்டு உருப்படி 2 என்று எழுதுகிற மென்பொருள், தான் சொல்வது தனக்கே தெரியாமல் பேசுகிறது. அப்படியானால் அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருக்கவில்லை.

ஒரே கேள்வி

க்ரோமுக்குள்ளேயே நிரல் வரிகளை ஓட்டிப் பார்க்கும் கன்சோலைத் திறந்தேன். இரண்டு புதுச் சிட்டை உருவாக்கினேன், முதல், அடுத்தது என்று பெயர் வைத்து. பிறகு ஒரே வரி கேட்டேன்: முதல்.சரக்கு, அடுத்தது.சரக்கு, இரண்டும் ஒரே அரேதானா? மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் போதும். ட்ரூ என்று வந்தது.

ஒரே மாதிரியான இரண்டு பட்டியலா என்று இந்தக் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பெயரும் ஒரே பட்டியலைச் சுட்டுகின்றனவா என்று கேட்கிறது. இரண்டு காலிப் பட்டியலைத் தனித்தனியாக உருவாக்கி ஒப்பிட்டால் ஃபால்ஸ்தான் வரும். ட்ரூ வந்தது என்றால் மண்டியில் ஒரே ஒரு சாக்குதான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதிலேயே கொட்டுகிறார்கள்.

அடுத்து, சரக்கு என்பது அடுத்தது என்ற ஆப்ஜெக்டின் சொந்தச் சொத்தா என்று கேட்டேன். இதற்கு 2022இல் வந்த ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் இருக்கிறது; அதற்கு முன்னால் ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி. ஃபால்ஸ். சேர் மெத்தடை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டேன். உருப்படிக்கு ட்ரூ, தொகைக்கு ட்ரூ, சரக்குக்கு இப்போதும் ஃபால்ஸ்.

குற்றம் செய்த வரிகள் இவை. ப்ரோட்டோடைப்பில், அதாவது எல்லாச் சிட்டைக்கும் பொதுவான மேல் ஆப்ஜெக்டில், நான் எழுதியிருந்தது:

சிட்டை.ப்ரோட்டோடைப்.சரக்கு = [ ]
சிட்டை.ப்ரோட்டோடைப்.உருப்படி = 0
சிட்டை.ப்ரோட்டோடைப்.தொகை = 0

சேர் மெத்தடின் உள்ளே (திஸ் என்றால் இப்போது கையில் இருக்கிற சிட்டை, புஷ் என்றால் பட்டியலின் கடைசியில் சேர்ப்பது):

திஸ்.சரக்கு.புஷ்(பொருள்)
திஸ்.உருப்படி = திஸ்.உருப்படி + 1
திஸ்.தொகை = திஸ்.தொகை + பொருள்.எடை * பொருள்.விலை

பார்க்க மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்வது போலத்தான் இருக்கிறது. முதல் வரி மட்டும் வேறு ஜாதி.

சங்கிலியில் ஏறுவது எப்படி

ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டுக்கும் வெளியே தெரியாத ஒரு இணைப்பு உண்டு. அது இன்னொரு ஆப்ஜெக்டைச் சுட்டும், இல்லை என்றால் நல், அதாவது ஒன்றுமில்லை. அடுத்தது.அச்சிடு என்று கேட்டால் முதலில் அந்த ஆப்ஜெக்டிலேயே பார்க்கும். இல்லையா, இணைப்பைப் பிடித்து மேலே போகும், அங்கே சிட்டை.ப்ரோட்டோடைப் இருக்கிறது. அங்கேயும் இல்லையா, அதற்கு மேலே ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப். டூஸ்ட்ரிங் மாதிரியான பொதுச் சாமான் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். அதற்கும் மேலே நல். அதுவரை போயும் கிடைக்காவிட்டால் அன்டிஃபைன்ட் என்று பேசாமல் கையை விரிக்கும். பிழை எதுவும் வராது. வழியில் முதலில் எங்கே கிடைக்கிறதோ அத்தோடு நின்றுவிடும்.

வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறேன். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேசுவரர் கோயிலில் ரொம்ப காலம் மூலவர் இல்லை. சாமி இல்லாத கோயில் என்று ஊரையே கேலி பேசுவார்கள். லிங்கம் பத்திரமாகச் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981இல்தான் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் கோட்டைக் கோயில் சாமி எங்கே என்று கேட்டால் சத்துவாச்சாரிக்கு வழி காட்டியிருப்பார்கள். பதில் கிடைக்கும், ஆனால் பதில் இருக்கும் இடம் நீங்கள் கேட்ட இடம் இல்லை. அடுத்தது.சரக்கு என்று கேட்டபோது எனக்குப் பட்டியல் கிடைத்தது. கிடைத்ததால் அது அங்கேயே இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

இனி அந்த மூன்று வரி. உருப்படி வரியில் சமக்குறிக்கு வலது பக்கம் முதலில் நடக்கிறது. திஸ்.உருப்படி எவ்வளவு? இந்த ஆப்ஜெக்டில் இல்லை, மேலே ஏறுகிறது, 0 கிடைக்கிறது. ஒன்றைக் கூட்டினால் 1. இப்போது இடது பக்கம். எழுதும்போது மேலே போய் அந்த 0ஐ மாற்றாது. இந்த ஆப்ஜெக்டிலேயே உருப்படி என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி 1 என்று எழுதும். அடுத்த தடவை படிக்கும்போது தன்னிடமே கிடைக்கும். மேலே இருக்கிற 0 அப்படியே 0. அதனால் ஒவ்வொரு பில்லும் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. தொகையும் அதே.

சரக்கு வரியில் சமக்குறியே இல்லை. திஸ்.சரக்கு என்பது வெறும் படிப்பு. ஏறுகிறது, ப்ரோட்டோடைப்பில் இருக்கிற அரேயைக் கொண்டுவருகிறது. புஷ் அந்த அரேயின் வயிற்றுக்குள் பொருளைத் திணிக்கிறது. சிட்டையில் யாரும் எதையும் எழுதவில்லை. எழுதினால்தானே தனக்கென்று ஒன்று பிறக்கும்?

ஓட்டல்காரர்கள் தப்பித்த கதையும் இதுதான். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக் கடை என்றால் கூடவே கத்தரிக்காய்க் குழம்பு கட்டாயம். கத்தரி தினமும் ஒரே அளவு போகும். அவர்களுக்காக வாடிக்கை என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் நிரந்தர ஆர்டரை நகலெடுத்து, திஸ்.சரக்கு = நகல் என்று எழுதும். சமக்குறி வந்துவிட்டது. அந்தச் சிட்டைக்குச் சொந்தச் சரக்குப் பட்டியல் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை புஷ் செய்தாலும் தன் மூட்டையில்தான் விழும். நான் கெட்டிக்காரத்தனமாக எழுதியதால் இல்லை, தற்செயலாக.

பழைய ஏற்பாட்டில் ஏன் இத்தனை வருடம் தெரியவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். பக்கம் லோட் ஆகும்போதெல்லாம் ப்ரோட்டோடைப்பும் புதிதாகப் பிறந்தது, காலிப் பட்டியலோடு. ஒரு பக்கத்துக்கு ஒரு பில். பொதுச் சாக்குதான், ஆனால் ஒருத்தர் மட்டுமே பிடித்த சாக்கு.

இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். எழுதும்போது மேலே ஏறாது என்று பலரும் சொல்லித் தருகிறார்கள், நானும் சொல்லித் தந்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. ஏறிப் பார்க்கும். மேலே அந்தப் பெயரில் ஒரு செட்டர், அதாவது எழுதும்போது ஓடுகிற ஃபங்ஷன், இருந்தால் அதைக் கூப்பிடும். மாற்றக் கூடாதது என்று குறித்திருந்தால் எழுதவே விடாது. இரண்டும் இல்லாவிட்டால்தான் கீழே புதிதாக உண்டாக்கும். இந்த நுணுக்கம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். அன்று பத்து மணிக்கே வேண்டியிருந்தது.

இரண்டு தப்பான வைத்தியம்

என்னிடம் வேலை பழகும் பையன் ஒருவன் இருக்கிறான். துடிப்பானவன். நான் மண்டிக்கு வந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்தபடி ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டான்: புதுச் சிட்டை திறந்ததும் திஸ்.சரக்கு.லெங்த் = 0. பட்டியலின் நீளத்தைச் சுழியாக்கினால் பட்டியல் காலி. சமக்குறி இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் அது எழுதுவது அரேயின் லெங்த் மேல், சிட்டையின் சரக்கு மேல் இல்லை. திஸ்.சரக்கு வரைக்கும் அதுவும் வெறும் படிப்புதான். பொதுச் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டுகிற வேலை.

மண்டியில் ஒரே நேரத்தில் மூன்று நாலு பில் பாதியில் நிற்கும். ஒருவர் வண்டி பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார், அதற்குள் இன்னொருவர் பில் திறப்பார்கள். திறந்த மாத்திரத்தில் நிறுத்திவைத்த பில்லில் இருந்த சரக்கு எல்லாம் மாயம். முன்பு அடுத்தவர் மூட்டை வந்தது, இப்போது தன் மூட்டையே காணோம். "அதுக்கு அதுவே தேவலாம்" என்றார் முதலாளி.

இரண்டாவது வைத்தியத்தை நல்ல வேளையாக மண்டிக்கு அனுப்பவில்லை. பையனுக்கு நான் போனில் காரணத்தை விளக்கியதும், "அப்ப ப்ரோட்டோடைப்பையே யாரும் தொட முடியாம பூட்டிட்டா?" என்று கேட்டு ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ் போட்டுப் பார்த்தான். நியாயமான யோசனைதான். விளைவு: சரக்கு முன்போலவே கலந்தது, தொகை 0 என்று வந்தது.

"அண்ணா, நான் சரக்குக்குப் பூட்டு போட்டா தொகை ஏன்ணா நின்னுபோச்சு?"

ஃப்ரீஸ் மேல்தளத்தை மட்டும்தான் பூட்டும். ப்ரோட்டோடைப்பின் சரக்கு என்ற பெயர் வேறொரு அரேயைச் சுட்டுவதைத் தடுக்கும். அந்த அரேயின் உள்ளே திணிப்பதைத் தடுக்காது. அரேக்குத் தனியாக ஃப்ரீஸ் போட்டிருந்தால் புஷ் பிழை கொடுத்திருக்கும், நாமும் அங்கேயே பிடித்திருப்போம். தொகை நின்றதற்குக் காரணம் மேலே சொன்ன நுணுக்கம். பூட்டிய ப்ரோட்டோடைப்பில் தொகை மாற்றக் கூடாததாகிவிட்டது. கீழே இருக்கிற சிட்டை தனக்கென்று ஒரு தொகை உண்டாக்கப் பார்க்கிறது. மேலே அந்தப் பெயரில் பூட்டு இருப்பதால் அனுமதி இல்லை. ஸ்ட்ரிக்ட் மோடில், அதாவது மொழியின் கண்டிப்பான நடையில், இருந்தால் பிழை என்று கத்தியிருக்கும். என் பழைய நிரல் ஸ்ட்ரிக்ட் மோடில் இல்லை. சத்தமே போடாமல் எழுதாமல் விட்டுவிட்டது. அப்பன் வீட்டில் பூட்டிய பெட்டி இருக்கிறது என்பதற்காகப் பிள்ளை சொந்தமாகப் பெட்டி வாங்கக் கூடாது என்கிற விதி. இந்த விதியை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மொழி இப்படித்தான்.

மதியம் கிளம்பிய இரண்டாவது பூதம்

சரக்கை ப்ரோட்டோடைப்பிலிருந்து எடுத்து கன்ஸ்ட்ரக்டருக்குள் போட்டேன்: திஸ்.சரக்கு = [ ]. நியூ போட்டுச் சிட்டை உருவாகும் ஒவ்வொரு தடவையும் இந்த வரி ஓடும், ஒவ்வொருவருக்கும் தனி அரே. கன்சோலில் அந்த ஒரே கேள்வியை மறுபடி கேட்டேன். ஃபால்ஸ். எட்டு மணிக்கு டீ.

பிறகு அக்கா, காலையில் கெட்டுப்போன பில்களை மறுபடி அச்சிட்டுத் தரச் சொன்னார். புதிதாக வைத்த பட்டனை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி: அச்சிடு என்பது ஃபங்ஷன் இல்லை.

இதுவும் அதே சங்கிலி, வேறு முனை. பில்லைச் சேமிக்கும்போது ஜேசன் என்ற வடிவத்தில் வெறும் எழுத்தாக மாற்றியிருந்தேன், திறக்கும்போது அதை மறுபடி ஆப்ஜெக்டாக்கும் ஜேசன்.பார்ஸ். பார்ஸ் திருப்பித் தருவது சாதாரண ஆப்ஜெக்ட். அதன் இணைப்பு நேராக ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப்புக்குப் போகிறது. நடுவில் சிட்டை.ப்ரோட்டோடைப் இல்லை. பெயர், தொகை எல்லாம் இருப்பதால் பார்க்கச் சிட்டை மாதிரியே இருக்கும், ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை. அச்சிடு எங்கே என்று ஏறிப் பார்த்தது, கிடைக்கவில்லை, அன்டிஃபைன்ட். அன்டிஃபைன்டைக் கூப்பிட்டதால்தான் பிழை, தேடியதால் இல்லை. இதற்கு மருந்து எளிது: ஒரு புதுச் சிட்டை உருவாக்கி, சேமித்ததை ஆப்ஜெக்ட்.அசைன் மூலம் அதன் மேல் கொட்டுவது. பிறந்துவிட்ட ஆப்ஜெக்டின் இணைப்பை செட்ப்ரோட்டோடைப்ஆஃப் வைத்து மாற்றவும் முடியும், ஆனால் நிரலை ஓட்டும் எஞ்சின் செய்து வைத்திருக்கும் வேகக் கணக்குகளை அது கெடுக்கும்; நான் தொடுவதில்லை.

அசல் வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு. சேமித்த பில்களில் பெயர் இருந்தது, உருப்படி இருந்தது, தொகை இருந்தது. சரக்கு இல்லவே இல்லை. காலிப் பட்டியல்கூட இல்லை, அந்தப் பெயரே இல்லை. ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை ஒரு ஆப்ஜெக்டின் சொந்தச் சொத்துகளை மட்டும்தான் எழுதும். மேலிருந்து வருவதைத் தொடாது. ஓட்டல்காரர் பில்களில் மட்டும் சரக்கு முழுசாக இருந்தது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கம்பியில் குத்தி வைத்திருந்த காகிதப் பில்களை உருவி எடுத்தார். உருப்படி 4 என்றால் கீழிருந்து நாலு வரியை எண்ணி ஒரு கோடு. அதற்கு மேலே உள்ளது அடுத்தவர் சரக்கு. புஷ் எப்போதும் கடைசியில்தான் சேர்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முக்கால் மணி நேரத்தில் அந்தக் காலைக் கணக்கு முழுவதும் நோட்டில் ஏறிவிட்டது.

மறுநாள், கடன் பில்

மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி போன். ரொக்க பில் எல்லாம் சுத்தம். கடன் பில் மட்டும் கலக்கிறது, அதுவும் கடன்காரர்களுக்குள்ளேயே.

உண்மையைச் சொன்னால், கடன்சிட்டை என்று ஒரு வகை இருப்பதையே முந்தின நாள் மறந்துவிட்டேன். அது சிட்டையிலிருந்து வந்த கிளை. கூடுதலாகத் தவணைத் தேதி, பழைய பாக்கி. கிளையை இணைக்க நான் கல்லூரிக் காலத்தில் கற்ற வரி அங்கே இருந்தது:

கடன்சிட்டை.ப்ரோட்டோடைப் = நியூ சிட்டை()

பழைய பாடங்களில் இந்த வரி ஊர்ப்பட்ட இடத்தில் கிடைக்கும். வேலையும் செய்யும். கடன் பில்லில் இல்லாததைத் தேடினால் இந்த நடுச் சிட்டைக்குப் போகும், அங்கிருந்து சிட்டை.ப்ரோட்டோடைப்புக்குப் போகும். மெத்தட் எல்லாம் கிடைக்கும். ஆனால் முந்தின நாள் நான் என்ன செய்தேன்? பட்டியல் உருவாக்கும் வரியை கன்ஸ்ட்ரக்டருக்குள் நகர்த்தினேன். நியூ சிட்டை என்று இங்கே ஒரே ஒரு தடவை கூப்பிடும்போது அந்த கன்ஸ்ட்ரக்டர் ஓடி, நடுச் சிட்டைக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டது. கடன்சிட்டையின் கன்ஸ்ட்ரக்டரோ அப்பாவின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடவே இல்லை. ஆக, கடன் பில் எதற்கும் சொந்தப் பட்டியல் கிடையாது; எல்லாரும் நடுச் சிட்டையின் பட்டியலைப் பிடித்துக்கொண்டார்கள். பொதுச் சாக்கைத் தெருவிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பழைய நடையிலேயே திருத்துவதென்றால் இரண்டு வரி: கடன்சிட்டை.ப்ரோட்டோடைப்பை ஆப்ஜெக்ட்.கிரியேட் மூலம், சிட்டை.ப்ரோட்டோடைப்பை மட்டும் அப்பாவாக வைத்து உண்டாக்குவது. அது கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாது. இணைப்பை மட்டும் போடும். 2009இல் வந்த வசதி. பிறகு கடன்சிட்டையின் கன்ஸ்ட்ரக்டரில் முதல் வரியாக சிட்டை.கால்(திஸ்) என்று அப்பாவின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவது. இரண்டில் ஒன்றை மறந்தாலும் போச்சு.

நான் அன்று முழு நிரலையும் கிளாஸ், எக்ஸ்டெண்ட்ஸ் நடைக்கு மாற்றினேன். 2015இல் கிளாஸ் வந்தபோது, உள்ளே அதே ப்ரோட்டோடைப்தானே, வெறும் சர்க்கரைப் பூச்சு என்று ஏளனம் செய்தவர்களில் நானும் ஒருவன். பாதி சரி, சங்கிலி அதேதான். ஆனால் கிளை கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் சூப்பரை, அதாவது அப்பாவின் கன்ஸ்ட்ரக்டரை, கூப்பிடாமல் திஸ்ஸைத் தொட்டால் உடனே பிழை வருகிறது. நான் மறந்ததை மறக்க விடாது. கிளாஸ் உடலுக்குள் எல்லாமே ஸ்ட்ரிக்ட் மோட், அதுவும் லாபம். கிளாஸ் ஃபீல்டாக சரக்கு = [ ] என்று எழுதினால் அது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாகப் பிறக்கும், ப்ரோட்டோடைப்பில் விழாது. பைத்தான் மொழி பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே கிளாஸுக்குள் அதே மாதிரி எழுதினால் எல்லாருக்கும் பொதுப் பட்டியல், நம் மண்டிச் சாக்கு மாதிரி.

பையன் கேட்ட கேள்விகள்

பெயர்க் குழப்பம் அவனுக்குத் தீரவே இல்லை, நியாயமும் அவன் பக்கம்தான். சிட்டை.ப்ரோட்டோடைப் என்றால் சிட்டையின் அப்பா என்று நினைத்துவிட்டான். இல்லை. சிட்டை ஒரு ஃபங்ஷன், அதன் அப்பா ஃபங்ஷன்.ப்ரோட்டோடைப். சிட்டை.ப்ரோட்டோடைப் என்பது, சிட்டையை நியூ போட்டுக் கூப்பிட்டால் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அப்பா. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்ததால் வந்த வினை. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் இந்த மொழியைப் பத்து நாளில் உருவாக்கினார். ப்ரோட்டோடைப் எண்ணத்தை எடுத்தது செல்ஃப் என்ற மொழியிலிருந்து, பார்வைக்கு ஜாவா மாதிரி இருக்கட்டும் என்று மேலே நியூ. இரண்டு வீட்டுப் பாத்திரமும் ஒரே அடுப்பில்.

ஒவ்வொரு தடவையும் ஏறினால் மெதுவாகாதா என்று கேட்டான். க்ரோமின் வி8 எஞ்சின் எங்கே கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். மண்டி பில்லுக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

மேலே கிடைத்த மெத்தடுக்குள் திஸ் யார் என்பதும் கேட்டான். மெத்தட் எங்கே கிடைத்தது என்பதைப் பொறுத்ததில்லை, புள்ளிக்கு இடது பக்கம் நின்று கூப்பிட்டது யார் என்பதைப் பொறுத்தது. அச்சிடு ஒன்றுதான் இருக்கிறது, சிட்டை.ப்ரோட்டோடைப்பில். காட்பாடிக்காரர் பில் கூப்பிட்டால் திஸ் அவர் பில். அதனால்தான் மெத்தடைப் பொதுவில் வைப்பது லாபம், பட்டியலைப் பொதுவில் வைப்பது நஷ்டம்.

உருப்படி என்ற எண் இனி தேவையில்லை, சரக்கின் நீளத்தையே அச்சிடலாமே என்றான். நிரல் அழகு பார்ப்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்த உபரி எண் இல்லாமல் போயிருந்தால் பில்லில் ஐந்து வரி, உருப்படி 5 என்று அழகாக வந்திருக்கும். இப்போது அச்சிடுவதற்கு முன் இரண்டும் பொருந்துகிறதா என்று நிரலே பார்க்கிறது, பொருந்தாவிட்டால் அச்சிடாமல் மணி அடிக்கிறது. அக்கா அதை நம்பவில்லை. இன்னும் பென்சில் டிக்தான்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி மண்டியின் போன் நம்பரை மாற்றினார். பில் தலைப்பு ப்ரோட்டோடைப்பில் ஒரே ஒரு எழுத்துத் தொடராக இருக்கிறது. பொதுவில் இருக்க வேண்டிய சாமான்தான், யாரும் அதற்குள் எதையும் திணிக்கப்போவதில்லை. ஒரு இடத்தில் மாற்றினேன், பாதியில் நின்ற பில்களில்கூடப் புது நம்பர் வந்துவிட்டது. பையனுக்கு இதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் போன்.

"தம்பி, ஆற்காட்டுக் கடை பில்லுல இன்னும் பழைய நம்பர்தான் கீது."

2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானபோது, ஆற்காட்டுக் கிளையின் பில்லில் மாவட்டப் பெயர் மாற வேண்டும் என்று, அந்தக் கிளைச் சிட்டைகளுக்கு மட்டும் தலைப்பைச் சமக்குறி போட்டு எழுதி வைத்தேன். விலாசம், மாவட்டம், போன் நம்பர் எல்லாம் ஒரே தொடரில். தனக்கென்று தலைப்பு இருக்கும்போது அது எதற்காக மேலே ஏறிப் பார்க்கப் போகிறது?

"மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்ணா."

"இன்னா, மறுபடி மூட்டை கலக்குமா?"

கலக்காது என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அன்று இரண்டு பில்லுக்குப் பதிலாகப் பத்து பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.